அறுநூறு என்ன?

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் அங்கே நிற்பவர் "எவ்ளோம்மா?" என்று கேட்பார். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கதை நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. நிலம் பதிய வருகிறவர்களிடம் கிழக்கே எத்தனை அடி, மேற்கே எத்தனை அடி என்று அதட்டிக் கேட்கிறவள். பங்க்கில் மட்டும் ஊமை.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நெருப்பு ஆகாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கும். வீட்டுக்கு கேஸ் வந்த முதல் வாரம் சிலிண்டருக்கு ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் சமையல்கட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஜுரமா, மேடம்?" என்று கேட்டார். அவர் பஸ் கண்டக்டர். நான் அலுவலகம் போக ஆரம்பித்த நாளிலிருந்து என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். மரியாதை இல்லை, கிண்டல்.

இப்படிப்பட்ட நான் ஒரு மொபெட் ஓட்டினேன் என்றால் அதற்குக் காரணம், எங்கள் வீடு திண்டிவனத்துக்கு வெளியே ஒதுக்குப்புறமாக இருந்ததுதான். நேரத்துக்குப் பஸ் கிடையாது. பெடல் வைத்த சின்ன வண்டி. முழங்காலுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க். எப்போதும் கால் லிட்டருக்கு மேல் போடமாட்டேன். கொஞ்சமாக இருந்தால் கொஞ்சமாகத்தான் எரியும் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணத்தையும் என் பெண் கெடுத்தாள். அவள் அப்போது பிளஸ் டூ. எதைப் படித்தாலும் சத்தமாகப் படிப்பாள். ஒரு நாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ம்மா, ஒரு மோல் ஆக்டேன் எரிஞ்சா ஐயாயிரத்து நானூத்தி எழுவது கிலோ ஜூல் வெப்பம் வருது."

"ஆக்டேன்னா?"

"உன் வண்டில ஊத்தற பெட்ரோல்னு வெச்சிக்கயேன்."

"ஒரு மோல்னா எவ்ளோடி?"

"நூத்திப் பதினாலு கிராம். ஒரு டம்ளர்கூட வராது. அத்த வெச்சி பதினேழு லிட்டர் தண்ணியக் கொதிக்க வெச்சிடலாம். நம்ம வெந்நீர் அண்டா இருக்குதுல்ல, அது ரொம்ப."

அன்றிலிருந்து மொபெட்டில் ஏறினால் நான் கொதிக்கிற அண்டாவின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. அலுவலகத்தில் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் முழங்கால் சுட்டது.

அவளுடைய வேதியியல் ஆசிரியரைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விடையை எழுதிவிட்டுப் பக்கத்தில் கிராமா, லிட்டரா, ஜூலா என்று எழுதாமல் விட்டால் அவர் சிவப்பு மையில் "என்ன? கத்தரிக்காயா?" என்று எழுதுவார். அரை மதிப்பெண் போய்விடும். அவள் நோட்டில் அங்கங்கே கத்தரிக்காய் காய்த்திருக்கும். பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு அனுபவித்தேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்து, நுழைவுத் தேர்வு வந்தது. இன்ஜினியரிங் சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். அந்தத் தேர்வுக்கு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை மையமாகப் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குள் இருக்க வேண்டும், ஒன்பதேகாலுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அப்புறம் யார் வந்தாலும் விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. விட்டால் அடுத்த வருடம்தான்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பஸ் ஸ்டிரைக். ஸ்டிரைக் செய்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, நம்ம பொண்ணு பரீட்சைக்கு மட்டும் ஒரே ஒரு பஸ்ஸ விடச் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சங்கத்துல கேக்கறேன் மேடம். மத்தவங்க எல்லாம் ஸ்டிரைக், எங்க வூட்டுப் பஸ்ஸு மட்டும் ஓடும்னு."

தனியார் பஸ்கள் ஓடின. ஆனால் கூரைமேல் எல்லாம் ஆள். முந்தின நாள் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தோம். பாசஞ்சர் ரயிலின் வாசலில் தொங்கியவர்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் தொங்கினார்கள். அதில் என் பெண்ணை ஏற்ற நான் ஒப்பவில்லை. மிச்சம் இருந்தது மொபெட். அதை ஓட்டத் தெரிந்தது நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் இருபது வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பழகியவர். உட்கார்ந்து ஓட்டுகிற எதுவும் அவருக்கு வரவில்லை.

நாற்பது கிலோமீட்டர். எங்கள் வாசலிலிருந்து விழுப்புரம் பள்ளிக்கூடம்வரை. கால் லிட்டர் போதாது என்பது எனக்கும் தெரிந்தது. டாங்கை நிரப்பிக்கொண்டு பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு போவதா? லாரிகளுக்கு நடுவில், வெயிலில், பத்து அண்டா இருபது அண்டா கொதிக்கிற சரக்கைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டா?

"சரியா எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் இருக்கணும். ஒரு சொட்டு அதிகம் கூடாது. கணக்குப் போட்டுச் சொல்லு. நீதான் படிச்சவளாச்சே," என்றேன்.

அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை. தேர்வுக்குப் படிக்கிறோம் என்ற பெயரில் வேறு வேலை செய்யலாம். வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, எஞ்சினின் சக்தி எவ்வளவு என்று பார்த்தாள். ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் எண்பது நிமிடம். அதாவது நாலாயிரத்து எண்ணூறு விநாடி. இரண்டையும் பெருக்கினால் ஏழாயிரத்து இருநூறு கிலோ ஜூல். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கிற வெப்பத்தில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுமாம், முக்கால்பங்கு வீணாம். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "நம்ம டிப்போ மாதிரி," என்றார். ஆக இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு கிலோ ஜூல் வேண்டும். ஆக்டேனின் எரிதல் வெப்பத்தை நூற்றுப் பதினாலால் வகுத்தால் ஒரு கிராமுக்கு நாற்பத்தெட்டு. அதால் வகுத்தாள்.

"மைனஸ் அறுநூறு," என்றாள்.

"மைனஸா?"

"எரியும்போது வெப்பம் வெளிய போவுதில்ல, அதனால மைனஸ் போட்டிருப்பாங்க. மைனஸ் ஐயாயிரத்து நானூத்தி எழுவது. அத்த அப்டியே எடுத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "மைனஸ் அறுநூறுன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? போவப் போவ டாங்க்ல பெட்ரோல் ஊறிக்கினே வரும். விழுப்புரத்துல எறங்கி வித்துட்டு வரலாம்."

"ப்பா, சும்மா இருப்பா."

"இல்ல, கேன் எதாவது எடுத்துக்கினு போங்கன்னு சொன்னேன்."

அவள் மைனஸை அடித்துவிட்டு அறுநூறு கிராம் என்று இரண்டு கோடு போட்டாள். சரியாக அறுநூறு. எனக்கு நிம்மதியாக இருந்தது. முழு எண்ணாக வந்தால் அது சரியான விடை என்றுதான் எங்கள் காலத்தில் பி.யூ.சி.யில் நினைத்துக்கொள்வோம்.

ஆனால் டாங்கில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. எவ்வளவு என்று தெரியாததால் கணக்கு கெட்டுவிடும் என்றாள். என் வீட்டுக்காரர் ஒரு ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினார். முதல் மடக்கு அவர் வாய்க்குள்ளேயே போய்விட்டது. துப்பிவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் கொப்பளித்தார். அன்று பொழுது சாயும்வரை அவரை அடுப்பு இருக்கிற பக்கம் நான் விடவில்லை. சாமி விளக்கைக்கூட அவர் வெளியே போன பிறகுதான் ஏற்றினேன்.

காலி வண்டியைப் பெடல் மிதித்துக்கொண்டே பங்க்குக்குப் போனேன். தனியாக. அதுதான் தப்பு.

"எவ்ளோம்மா?"

"அறுநூறு கிராம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆயில் டின்கள் அடுக்கிக்கொண்டிருந்த இன்னொருவரைப் பார்த்தார். "யோவ், இங்க வாய்யா. அம்மாவுக்கு அறுநூறு கிராம் பெட்ரோல் வேணுமாம்!"

"மல்லாட்டையா அது, கிராம்ல போட?" என்றார் அந்த இன்னொருவர், வேர்க்கடலை விற்கிறவர் குரலில். "பையி எடுத்தாந்தீங்களா, பொட்டலமா கட்டித் தரட்டா?"

எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் போன மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துகொண்டு போனவர். அவரிடம் நான் அடி கணக்கைச் சரியாகச் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டிருந்தேன்.

"சரி, அறுநூறு. போடுங்க," என்றேன்.

"அப்டிச் சொல்லுங்க." அரை லிட்டர் அளவுக் குவளையில் ஒன்று, நூறு மில்லியில் ஒன்று, ஆயில் கலந்து ஊற்றினார். "அறுநூறு. ஆச்சா?"

"ஆச்சு."

கிராம் வேறு, மில்லி வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றுதானே படித்தோம். பெட்ரோலும் தண்ணீர் மாதிரிதான் ஓடுகிறது. வித்தியாசம் இருந்தாலும் ஒரு மூடி, இரண்டு மூடி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அங்கிருந்து கிளம்பினால் போதும் என்றிருந்தது.

வீட்டில் அவள் கேட்டாள்: "போட்டியாம்மா?"

"போட்டேன்."

"அறுநூறு?"

"அறுநூறு."

அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் ஒரு கத்தரிக்காயைப் போட்டிருக்கலாம்.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று நான் நான்கு முறை பார்த்து, கேஸை மூடினேனா என்று இரண்டு முறை திரும்பப் போய், மூடியதைத் திறந்து மறுபடி மூடிவிட்டு வந்தபோது ஏழு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

"ரைட், போலாம்!"

"ஸ்டிரைக்ல இருக்கும்போது விசில் ஊதலாமாப்பா?" என்று கேட்டாள் பெண்.

"இது பிரைவேட் வண்டிம்மா."

சாலையில் ஏறியதும் என் பெண் என் தோளுக்கு மேல் எட்டி வேக முள்ளைப் பார்க்க ஆரம்பித்தாள். கணக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டது. ஆகவே முப்பதிலேயே போக வேண்டும்.

"ம்மா, முப்பத்தி ரெண்டு."

கொஞ்சம் குறைப்பேன்.

"ம்மா, இருபத்தெட்டு."

கொஞ்சம் முறுக்குவேன். இப்படியே போனோம். பிரேக்கும் பிடிக்கக் கூடாதாம். பிரேக் பிடித்தால் அதுவரைக்கும் எரித்த பெட்ரோல் வெறும் சூடாகப் போய்விடுமாம். கூட்டேரிப்பட்டு வந்தபோது, கண்டக்டர் மகள் அல்லவா, "கூட்டேரிப்பட்டு! மயிலம் போறவங்கல்லாம் எறங்கு!" என்று பின்னாலிருந்து கூவினாள். அதே நேரம் சாலைக்குக் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று இறங்கியது.

"பிரேக் புடிக்காதம்மா!"

"ஆடுடி!"

"ஹாரன் அடி!"

ஹாரன் அடித்தேன். ஆடுகள் நின்று என்னைப் பார்த்தன. பிடித்தேன் பிரேக்கை. ஆட்டுக்காரர், "வண்டி ஓட்டத் தெரியலன்னா வூட்ல இருக்கறதுதான?" என்றார். என் பெண் நாலு கிராம் போய்விட்டது என்றாள். அங்கே நிறுத்தி, டாங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். இருட்டாக இருந்தது. வாசனை நன்றாக வந்தது. தூரத்தில் மயிலம் மலைக் கோயிலைப் பார்த்து, இரண்டு கையும் எடுத்தால் வண்டி சாயும் என்று ஒரு கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

விக்கிரவாண்டியை எட்டு மணிவாக்கில் தாண்டினோம். ரோட்டோர ஓட்டல்களில் லாரி டிரைவர்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவோம் என்று எனக்குப் பாட்டுக்கூட வந்தது. பாட்டின் இரண்டாவது அடியில் வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

புளியமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவள் இறங்கி மூடியைத் திறந்து, வண்டியைக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"எவ்ளோம்மா போட்ட?"

"அறுநூறு."

"அறுநூறு என்ன?"

நான் டாங்க் மூடியைத் திருகிச் சாத்தினேன்.

"ம்மா. அறுநூறு என்ன?"

"அறுநூறுடி... மில்லி."

அவள் கோபிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை எடுத்தாள். ஹால் டிக்கெட்டைத் திருப்பினாள்.

"ஐயோ, அதுல எழுதாதடி!" என்று அதைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தாள்.

"கையில எழுதாதடி பாவி! பிட்டுன்னு புடிச்சுக்குவாங்க!"

முந்தானையில் எச்சிலைத் தொட்டு அவள் கையைத் தேய்த்தேன். மை நகரவில்லை, பரவியது. அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்துச் சாலையோரப் புழுதியில் கணக்குப் போட்டாள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசாம். ஒரு மில்லி முக்கால் கிராம்கூட வராதாம். அறுநூறு மில்லி என்றால் நானூற்று நாற்பத்து நாலு கிராம்தான். ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து கிராம் வீதம் வகுத்தாள்.

"இருபத்தொம்பது புள்ளி ஆறு," என்றாள். நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். பத்தடி தள்ளி ஒரு மைல்கல். அதில் 'விழுப்புரம் 10' என்று எழுதியிருந்தது.

நாற்பதில் பத்து போனால் முப்பது.

அவள் குதித்தாள். உண்மையாகவே, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தாள். "ம்மா! கணக்கு கரெக்ட்டும்மா! இங்கதான் நிக்கணும்! கரெக்ட்டா இங்கதான் நிக்கணும்!"

நான் அந்த மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன். என் பெண்ணின் ஒரு வருடம் போயிற்று, என்னால்தான் போயிற்று. இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் சிரித்ததற்காகப் போயிற்று. அவளோ கல்லைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர், அழுகிற ஒருத்தியையும் ஆடுகிற ஒருத்தியையும் பார்த்துவிட்டு, நிறுத்தலாம் என்று வேகத்தைக் குறைத்தவர், மறுபடி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பெடல் ஞாபகம் வந்தது. அவளை உட்காரவைத்து மிதித்தேன். அவள் பரீட்சை எழுத வேண்டியவள், களைத்துப்போகக் கூடாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். வண்டி நகர்ந்தது என்று சொல்ல முடியாது, எங்களோடு ஒத்துழைத்தது.

"ம்மா, காலைல எத்தினி இட்லி சாப்ட்ட?"

"பேசாத... மூச்சு வாங்குது..."

"சொல்லேன்."

"மூணு."

"மூணு பத்தாது. ஸ்டார்ச்சோட எரிதல் வெப்பம் கிராமுக்குப் பதினேழு. உனக்கும் கால்பங்குதான் வேலையா மாறும்னு வெச்சிக்கிட்டா, இந்தப் பத்து கிலோமீட்டருக்கு நீ..."

"எறங்குடி," என்றேன். இறங்கினாள். இரண்டு பேரும் தள்ளினோம்.

மிதித்ததும் தள்ளியதுமாக ஒரு கிலோமீட்டர் கடந்தபோது எட்டரைக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பஞ்சர் கடை தென்பட்டது. கீற்றுக் கொட்டகை, தொங்கவிட்ட டயர். கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி அடுப்பில் கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் கிடைக்குமாம்மா?"

"அவரு வரட்டும்."

"பரீட்சைக்கு நேரமாச்சும்மா."

"யாருக்கு, உனுக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

பெண்ணுக்கு என்றேன். எழுந்து உள்ளே போய் ஒரு சாராயப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. "ஒரு கோட்ருதான் இருக்குது. ஸ்டிரைக்கு இல்ல, காலைலியே நாலு பேரு வாங்கிக்கினு போய்ட்டாங்க. ஆயில் கலந்துதான் வெச்சிருக்குது."

"கோட்டர்னா எத்தினி மில்லி?" என்று கேட்டாள் என் பெண்.

"நூத்தி எம்பது. இதுகூடத் தெரியாமயா படிக்கற? உங்க வூட்ல யாரும் குடிக்கறது இல்லியா?"

"எங்கப்பா பெட்ரோல்தான் குடிப்பாரு," என்றாள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கடைக்காரர் வந்து பாட்டிலை வாங்கினார். வாயில் பீடி. எரிகிற பீடி. அப்படியே டாங்க் மூடியைத் திறந்து குனிந்தார்.

நான் போட்ட கூச்சலில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற மாடு ஓடியது.

"அவரு எப்பவும் அப்டித்தான் ஊத்துவாரு. இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல," என்றாள் அவர் மனைவி, களியைக் கிளறியபடி.

ஆனாலும் அவர் பீடியைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டார். எரிகிற பக்கம் பின்னால் பார்க்க. அவர் ஊற்றுகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது எட்டு ஐம்பது. என் பெண் பின்னால் ஏறி உட்கார்ந்து முணுமுணுத்தாள். "நூத்தி எம்பது மில்லின்னா நூத்தி முப்பத்தி மூணு கிராம். எட்டே முக்காலுக்கு மேல, ஒம்பதுக்குக் கீழ... ம்மா, நூறு மீட்டர், நூத்தி இருவது மீட்டர் குறையுது."

"வாய மூடு."

"முப்பதுலயே போ. ஆடு வந்தாலும் நிக்காத."

அன்றைக்கு அந்தச் சாலையில் ஆடு வராதது அந்த ஆட்டின் அதிர்ஷ்டம். விழுப்புரத்துக்குள் நுழைந்தபோது நாலு முனையிலும் கூட்டம், சைக்கிள், கை வண்டி. நான் "வழி, வழி!" என்று கத்திக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்தின் மதில் கண்ணுக்குத் தெரிந்தது. மஞ்சள் மதில். அதன் மூலைக்கு வந்தபோது வண்டி இருமியது.

பின்னாலிருந்து, "சொன்னேன் பாத்தியா!" என்று அவ்வளவு பூரிப்பாக ஒரு குரல்.

அவளை இறங்கவிடவில்லை. மிதித்தேன். மதில் முழுக்க ஓரமாக நின்றிருந்த பெற்றோர்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். கேட்டின் ஒரு கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார்கள். மற்றதில் கை வைத்திருந்த காவல்காரர், "ஒம்போது பன்னெண்டு. ஓடும்மா, ஓடு!" என்றார். அவள் குதித்து ஓடினாள். பாதி தூரம் போனவள் திரும்பி என்னிடம் ஓடி வந்தாள். ஹால் டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. ஐந்தாவது முறை நான் பார்க்கவில்லை.

கதவு மூடியது. அவள் உள்ளே, நான் வெளியே. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கவனித்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதன் பக்கத்தில் நான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. டாங்கில் ஒன்றுமே இல்லை. எரிய ஒரு சொட்டு இல்லை. அதன்மேல் சாய்ந்துகொண்டு தூங்கிவிட்டேன்.

அவள் வந்து எழுப்பினாள். முகம் வாடியிருந்தது.

"இன்னாடி, சரியா எழுதலியா?"

"எழுதினேன். எல்லாம் ஈஸிதான்." உள்ளங்கையைக் காட்டினாள். நீலமாக இருந்தது. "இத்தப் பாத்துட்டு ஒரு சார் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. அது இல்ல. எரிதல் வெப்பத்துல ஒரு கேள்விகூட வரலம்மா. ஒண்ணுகூட!"

சீட் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் அப்பா வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "என்ன, கத்தரிக்காயா?" என்று கேட்பதை இன்னும் விடவில்லை. ஆனால் அன்று நாங்கள் வீடு திரும்பியதை நான் சொல்லவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு பங்க்குக்குப் போனோம்.

"எவ்ளோம்மா?"

நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணரை," என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "லிட்டர். ஒண்ணரை லிட்டர். லிட்டர்."

"காது கேக்குதும்மா," என்றார் அவர்.

வெயில் உச்சியில் இருந்தது. முழங்காலை எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு அகட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். பஞ்சர் கடையைத் தாண்டினோம். எங்கள் மைல்கல்லையும் தாண்டினோம். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ம்மா, பங்க்குல ஊத்தனப்போ உன் காலுக்குக் கீழ எவ்ளோ இருந்திச்சின்னு சொல்லட்டா?"

"வேணாம்."

"அம்பத்தி மூணாயிரம்."

கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். முடியவில்லை.

"அம்பத்தி மூணாயிரம் என்னடி?"

"கத்தரிக்கா," என்றாள்.